பாலாற்றின் கணக்கை யார் எழுதுவது?

(தோல் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



இன்று நான் பேசப்போவது கைதட்டல் கிடைக்காத பேச்சு. உங்களில் பலருக்கு அது கசக்கும். பரவாயில்லை. நம் ஊர்த் தண்ணீரே கசக்கும்போது பேச்சு கசந்தால் என்ன?

எங்கள் தெருப் பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்தவர்கள், அதே கிணற்றுத் தண்ணீரை வாளியில் இறைத்து வாய் நிறையக் குடித்துவிட்டுப் போவார்கள் என்று என் பாட்டனார் சொல்லுவார். நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கிணற்றில் ஒளு மட்டும் செய்தோம், குடிக்கவில்லை. இன்று அந்த ஹவுளுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. மூன்று தலைமுறையில் ஒரு கிணறு செத்துப்போன கதை இது. எங்கள் தெருவின் கதை மட்டும்தானா? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரையில் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் இதே போன்ற ஒரு கிணற்றைக் காட்டுவார்.

அந்தக் கிணற்றை யார் கொன்றது என்று கேட்டால் நாம் எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறோம். ஏனென்றால் நம் வீட்டு அடுப்பு எரிவதும் அதே தோலால்தான். தொழிற்சாலை நம்முடையது, தொழிலாளியும் பெரும்பகுதி நம்முடைய சகோதரன், நம் கல்லூரிகளும் மதரஸாக்களும் மருத்துவமனைகளும் தோல் வணிகர்களின் பணத்தில் எழுந்தவை. இதை நான் மறுக்கவில்லை. இந்தத் தொழில் வாழவேண்டும் என்பதற்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

தோல் எப்படி ஆற்றைக் கெடுத்தது?

தம்பிமார்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தொட்டியில் இறங்கியே தொழில் கற்றவர்கள்.

ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதனிட்டோம். நாற்றம் இருந்தது, ஆனால் அரைப்பதனத் தோலாக ஏற்றுமதி செய்ததால் வேலையின் பெரும்பகுதி வெளிநாட்டில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில், அரைப்பதனத் தோலை அனுப்பாதே, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் அனுப்பு, அந்நியச் செலாவணி கூடும் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. நாடு லாபமடைந்தது, நாமும் அடைந்தோம். ஆனால் அதுவரை ஐரோப்பாவின் ஆறுகளில் கலந்த குரோமியமும் சாயமும் அதற்குப் பின் நம் ஆற்றில் கலந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஆற்று மணலுக்கும்தானே!

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் கிணறுகளைக் கெடுத்ததில் அதைவிடப் பெரிய பங்கு உப்புக்கு உண்டு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க மண்டியில் தேய்க்கிறோமே, அதே உப்பு! ஊறவைக்கும் தொட்டியிலிருந்து முதல் தண்ணீரைத் திறந்துவிடும்போது அது அவ்வளவும் கரைந்து வெளியே போகிறது. கழிவுநீரைக் காற்றூட்டி, நுண்ணுயிர் விட்டுச் சுத்திகரித்தால் அழுக்கு போகும், நாற்றம் குறையும், உப்பு போகாது. அதனால்தான் ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வெயிலில் காயவிடு என்றார்கள். பிறகு சவ்வு வடிகட்டி வை, ஆவியாக்கி வை, ஒரு சொட்டும் வெளியே விடாதே என்றார்கள். இதெல்லாம் அதிகாரிகளின் அடாவடி என்று நம்மில் பலர் சொன்னோம். இல்லை, உப்பின் குணமே அதுதான்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆலை வெளியேற்றும் நீருக்குத் தமிழ்நாட்டில் வைத்த வரம்பு 2100. இந்த எண்களை மனதில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

நேரத்தைத் தவறவிட்டது யார்?

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ல் அமைந்தது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அரசு 31.7.1985 வரை தோல் ஆலைகளுக்கு அவகாசம் கொடுத்தது. பிறகு என்ன நடந்தது? 1990களில் உச்சநீதிமன்றத்தில் தாக்கலான அரசு வாக்குமூலத்தைப் பாருங்கள். அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் 584 தோல் ஆலைகள். இசைவாணை கேட்டு விண்ணப்பித்தவை 443. சுத்திகரிப்பு நிலையம் வைத்தவை வெறும் 33!

வணிகப் பெருமக்களே, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். 584ல் 33 என்றால் அது என்ன கணக்கு? கடன் கொடுத்தவரிடம் இப்படி ஒரு கணக்கைக் காட்டினால் மறுபடி உங்கள் கடை வாசலை மிதிப்பாரா?

வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்காணிக்க வேண்டியவர்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். நாம் பதில் அனுப்பினோம். அவர்கள் மறுபடி நோட்டீஸ் அனுப்பினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து நடந்த ஆண்டுகளில்தான் உப்பு நிலத்தடிக்கு இறங்கியது. அன்று ஓர் அதிகாரி கண்டிப்பாக இருந்திருந்தால் நாம் அவரைத் திட்டியிருப்போம். ஆனால் உச்சநீதிமன்றம் வரை போக நேர்ந்திருக்காது.

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 28.8.1996ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்குப் பயனற்றுப் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுப்பதும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது என்று 1989 மார்ச்சில் தமிழக அரசு போட்ட ஆணையை (எண் 213) உயிரோடு நடைமுறைப்படுத்து என்றது. அந்த ஆணை ஏழு ஆண்டுகள் அலமாரியில் தூங்கியிருந்தது!

அப்போது நம் ஊர்களில் ஒரு பேச்சு உலவியது. உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். “முஸ்லிம்களின் தொழில் என்பதால்தான் இந்த வழக்கு, இந்தத் தீர்ப்பு” என்றார்கள். இந்தச் சமுதாயத்துக்கு எதிராக அநியாயம் நடந்தால் முதல் ஆளாக எழுந்து பேசுகிறவன் நான். ஆகவே என்னை நம்புங்கள்: இது அது அல்ல. உப்பேறிய கிணற்றுக்குச் சொந்தக்காரரான விவசாயி கேட்டார். தன் தென்னை கருகியதை அவர் கண்ணால் கண்டார். அவர் நாயுடுவாகவும் வன்னியராகவும் தலித்தாகவும் இருந்தார், நம் சொந்த மாமன் மச்சானாகவும் இருந்தார். அநியாயத்துக்கு ஆளானவன் கையைக் காட்டும்போது அவன் என்ன மதம் என்று பார்த்துப் பதில் சொல்வது நமக்கு அழகா?

ஜெர்மனிக்காரன் கேட்டபோது!

இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். 1989ல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பி.சி.பி. என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது என்றது. 1994ல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. நாம் என்ன செய்தோம்? ஊர்வலம் போனோமா? ஸ்டே வாங்கினோமா? மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினோம், மாற்று ரசாயனம் கேட்டோம், பரிசோதனைச் சான்றிதழ் வாங்கினோம், சில ஆண்டுகளிலேயே மாறிவிட்டோம்!

ஐயாயிரம் மைல் தொலைவில் இருக்கும் ஒருவனின் காலில் சொறி வந்துவிடக்கூடாது என்பதற்காக நாம் ரசாயனத்தை மாற்றினோம். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக்காக மாற நீதிபதியின் கையெழுத்து தேவைப்பட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் குடும்பத்திலும் தோல் வணிகர்கள் உண்டு.

இன்றும் அப்படித்தான். வெளிநாட்டுக் கம்பெனியின் தணிக்கையாளர் வருகிறார் என்றால் ஆலைக்கு வெள்ளை அடிக்கிறோம். தண்ணீர்க் கணக்கு, உப்புக் கணக்கு, மின்சாரக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம். ஆக, கணக்கு வைக்கத் தெரியாது என்பது பொய். கேட்பவர் யார் என்று பார்த்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஓர் ஆற்றுக்கு ஒரு சபை

கண்காணிப்பு என்றால் எப்படி இருக்கவேண்டும்? இதற்கு ஓர் உதாரணத்தை வெளியிலிருந்து தருகிறேன். நியூசிலாந்து. அங்கேயும் கால்நடைதான் பெரிய வணிகம்: பால், இறைச்சி, கம்பளி, தோல். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் அனுப்ப ஹலால் முறையில் ஆடு அறுக்கும் பெரிய ஆலைகள் அங்கே உண்டு. ஆகவே அவர்களுடைய கழிவும் நம்முடைய கழிவுக்குத் தூரத்து உறவுதான்.

1989ல் அந்த நாடு உள்ளாட்சியைத் திருத்தி அமைத்தபோது வட்டாரச் சபைகளை உண்டாக்கியது. எல்லையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பெரும்பாலும் ஆற்றுப் படுகையை வைத்து! ஒரு மலையில் விழும் மழை எந்த ஆற்றுக்குப் போகிறதோ அந்த நிலம் முழுதும் ஒரே சபையின் பொறுப்பு. 1991ல் வந்த வளச் சட்டத்தின்படி, ஆற்றில் தண்ணீர் எடுக்கவும் கழிவு விடவும் அந்தச் சபையிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று ஆனது. சபையின் ஆட்கள் போய் மாதிரி எடுப்பார்கள். அந்தச் செலவைத் தொழிற்சாலையே தரவேண்டும். மேற்குக் கரையில் தாரநாக்கி என்றொரு வட்டாரம். பாலாடைக்கட்டி ஆலைகளும் எரிவாயுக் கிணறுகளும் நிறைந்த இடம். அங்குள்ள சபை ஆலைவாரியாக ஆண்டறிக்கை போட்டு, இவர் நன்றாக நடந்தார், இவர் திருந்தவேண்டும் என்று மதிப்பெண் போட்டுப் பகிரங்கமாக வெளியிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரேங்க் கார்டு கொடுப்பது மாதிரி!

அதற்காக அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மாட்டுப்பண்ணைகள் பெருகி அங்கும் ஆறுகள் கெட்டன. கான்டர்பரி வட்டாரத்தில் சபை தண்ணீர் நிர்வாகத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று 2010ல் அரசே உறுப்பினர்களை நீக்கி ஆணையர்களை நியமித்தது. மக்களாட்சியைப் பறித்துவிட்டார்கள் என்று சண்டையும் நடந்தது. அந்த ஏற்பாட்டையே மாற்றவேண்டும் என்ற பேச்சும் அங்கே எழுந்திருக்கிறது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இரண்டே இரண்டு விஷயம். ஆற்றைத் துண்டு போடாமல் ஒரே கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததை ஊரறியச் சொன்னார்கள்.

இனி நம் பாலாற்றைப் பாருங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் நடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு நல்லதுதான். ஆனால் இன்று வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டம், பேரணாம்பட்டு வேலூர், மேல்விஷாரம் இராணிப்பேட்டை. மேலே ஊற்றிய உப்புக்கு ஓர் ஆட்சியர், கீழே கரித்துப்போன கிணற்றுக்கு வேறோர் ஆட்சியர்! மாவட்ட எல்லைக் கல் எங்கே நட்டிருக்கிறது என்பது தண்ணீருக்குத் தெரியுமா?

முடியாத வழக்கு

1996 தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 7.3.2001ல் அது தீர்ப்புச் சொன்னது. 547 ஆலைகள் சேர்ந்து 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்ச ரூபாய் தரவேண்டும். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு வயல் செத்ததற்கு! அந்தப் பணமும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு நீதிமன்றத்தில் தொடர்ந்து போராடி, 30.1.2025ல் உச்சநீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்தது. இன்னும் பணம் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள், அதைக் கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்யுங்கள் என்றது. தீர்ப்பு வந்த நாளில், வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு முப்பத்து மூன்று வயது!

இடையில் நடந்ததையும் மறக்கவேண்டாம். 31.1.2015 அதிகாலை, இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அவர்களை அடித்துப்போனது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு, கவனியுங்கள். நிலையம் கட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைத்தோம். அந்தத் தொட்டி எவ்வளவு தாங்கும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தினமும் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டுமே!

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் பாலாற்றுக்கு ஒரே கண்காணிப்புச் சபை அமைக்கட்டும் என்று கேட்போம். அதில் வணிகரும் விவசாயியும் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்காரவேண்டும் என்றும் கேட்போம். அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய ஆலைகளிலும் பொது நிலையங்களிலும் தானியங்கி மீட்டர் வைத்து அளவைச் சென்னைக்கு அனுப்பவேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. சென்னைக்குத் தெரிகிற எண் நம் தெருவுக்கு ஏன் தெரியக்கூடாது? நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இன்று உள்ளே வந்த தண்ணீர் இவ்வளவு, உப்பு இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று எழுதுங்கள். சுத்தமாக நடத்துகிறவருக்குப் பயமென்ன? உண்மையில் நேர்மையான டேனரிக்காரருக்குத்தான் இது லாபம். இரவோடு இரவாகக் குழாயைத் திறந்துவிடுகிறவன் செலவை மிச்சப்படுத்தி விலையைக் குறைத்து உங்கள் ஆர்டரை அடித்துக்கொண்டு போகிறான். அவனைப் பிடிக்க அதிகாரி ஒருவரால் முடியாது, ஊர்க்கண்ணால்தான் முடியும். சின்ன ஆலைக்காரர் என்னிடம் வந்து, “பாய், ஆவியாக்கும் செலவு எங்களுக்குத் தாங்காது” என்று சொல்லும்போது அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அவருக்கு மானியமும் கடனும் கேட்டு நாம் போராடவேண்டும். அந்தப் போராட்டத்துக்குப் போகும்போது கையில் கணக்கு இருந்தால் பேச்சுக்கு வலு இருக்கும்.

ஒரு காலத்தில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்றொரு அதிகாரி இருந்தார். கடைத்தெருவில் எடைக்கல்லைச் சோதிப்பார், தெருவையும் தண்ணீரையும் பார்ப்பார். அவர் வருகிறார் என்றால் அளவு குறைத்தவன்தான் கடையைச் சாத்துவான்.

தம்பிமார்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் பேனா அளவுதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் எந்த ஆலைக்கு என்ன நிபந்தனையில் இசைவாணை கொடுத்தார்கள் என்று கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். சண்டை போடுவதற்காகக் கேட்காதீர்கள், படிப்பதற்காகக் கேளுங்கள். வேதியியல் படித்த பிள்ளைகள் துபாய்க்குப் போய்ச் சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் தேடுகிறோம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நாற்பது பக்க நோட்டுதான். உங்கள் முஹல்லாவில் எத்தனை கிணறு, எத்தனை போர், எவ்வளவு ஆழம் என்று எழுதிவிட்டுப் போங்கள். மீட்டர் நான்கு வாங்கி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து அளந்து, அந்த எண்ணை நோட்டில் எழுதுவோம். 500க்குக் கீழே எத்தனை, 2000க்கு மேலே எத்தனை என்று பார்ப்போம். நம் கிணறு மட்டுமல்ல, ஏரிக்கரைக்கு அந்தப்புறம் இருக்கிற விவசாயியின் கிணற்றையும் சேர்த்துத்தான். அவரிடம் முதலில் போய்க் கதவைத் தட்டி அனுமதி கேட்க மூன்று பேர் வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் வந்தால் நல்லது. தனியாக இளைஞர்கள் போனால் அவர் கதவைத் திறக்கமாட்டார்.